தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளுகிறது

விழுப்புரம்

அன்புள்ள செந்திலுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது.  

யாழினிக்கு மீன்தொட்டி ஒன்றை வீட்டிலேயே செய்து தரப்போவதாகப் போனில் சொன்னாய். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் என்று அளவுவரை முடிவு செய்துவிட்டாய். கேட்டதிலிருந்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் நீ "கண்ணாடிக்கடையில் அஞ்சு துண்டு வெட்டிக்கிட்டு, ஒரு சிலிக்கான் டியூப் வாங்கினால் முடிஞ்சுதுக்கா" என்று சொன்ன வேகம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து தொட்டி செய்தவள் நான். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். அதனால் எழுதுகிறேன். கடைக்குக் கிளம்பும் முன் முழுக்கப் படித்துவிடு.

பழைய வீட்டுக் கூடத்தில் அப்பா வைத்திருந்த தொட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். ஆங்கிள் இரும்பில் சட்டம், அடியில் கடப்பா கல், நாலு பக்கமும் கண்ணாடி, இடுக்கெல்லாம் மக்கு. அந்தக் காலத்துக் கண்ணாடியில் அலை அலையாக நெளிவு இருக்கும். மீன் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போவதற்குள் இரண்டு தரம் குண்டாகி இரண்டு தரம் மெலியும், நீ அதைப் பார்த்துக் கைதட்டுவாய். அந்தத் தொட்டியை அப்பா ஒருநாள்கூடக் காலியாக விட்டதில்லை. கழுவும்போதுகூட அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும் என்பார். ஏன் என்று நாம் கேட்டதில்லை. உன் போன் வந்த அன்று ராத்திரி அவரிடம் கேட்டேன். "மக்கு காஞ்சா வெடிக்கும்மா, வெடிச்சா ஒழுகும்" என்றார்.

மக்கு என்பது சாக்குப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்தது. அது நல்ல பசை அல்ல. கண்ணாடியைப் பிடித்து நிறுத்துகிற சக்தி அதற்குக் கிடையாது. பிறகு எப்படி அத்தனை வருஷம் அந்தத் தொட்டி நின்றது? சட்டத்துக்கு உள்பக்கம் மக்கைத் தடவி, அதன்மேல் கண்ணாடியை உள்ளிருந்து வைத்து அழுத்தியிருந்தார் அப்பா. தண்ணீர் கண்ணாடியை வெளியே தள்ளும். வெளியே இரும்பு நிற்கிறது. நடுவில் மக்கு நசுங்கி இடுக்கை அடைக்கும். தண்ணீர் ஏற ஏறப் பொருத்தம் இறுகும். தாங்கியது இரும்பு, அடைத்தது மக்கு, இறுக்கியது தண்ணீர்.

நீ செய்யப்போகும் தொட்டிக்குச் சட்டம் கிடையாது. அதே தண்ணீர் அதே பக்கம்தான் தள்ளும். ஆனால் வெளியே தாங்க இரும்பு இல்லாததால், முன்கண்ணாடியைப் பக்கக் கண்ணாடிகளின் விளிம்பிலிருந்து பிய்த்தெடுக்கப் பார்க்கும், அடிக்கண்ணாடியின் மேலிருந்து வழுக்கித் தள்ளப் பார்க்கும். அதைத் தடுத்து நிற்பது 6 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிலிக்கான் கோடு மட்டுமே. அப்பாவின் தொட்டியில் தண்ணீர் மூட்டுக்கு உதவி செய்தது, உன் தொட்டியில் அது ஒவ்வொரு நொடியும் மூட்டைப் பிரிக்க வேலை செய்யும். நான் இனிச் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார். யாழினியையும் பக்கத்தில் உட்காரவை, அவள் வயதுக்குப் புரியும். உயரம் 38 சென்டிமீட்டர். அடியில் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் தண்ணீர் 38 கிராம் அழுத்தும். மேலே விளிம்பில் சைபர். சராசரி 19 கிராம். முன்கண்ணாடி 61க்கு 38, அதாவது 2,318 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 44 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையை அந்தக் கண்ணாடி மேல் உள்ளிருந்து இரவும் பகலும் சாய்த்துவைத்த மாதிரி.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள், தொட்டியின் அகலத்தைக் கூட்டினால் முன்கண்ணாடி மேல் பாரம் கூடுமா என்று. கூடாது. பின்னால் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் ஓர் ஏரியே இருந்தாலும் அதே 44 கிலோதான். ஆழம் மட்டுமே கணக்கு. சைமன் ஸ்டீவின் 1586-லேயே எழுதிவைத்துவிட்டுப் போன உண்மை இது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வர ஒரு முழுப் பீரியட் ஆனது. அதில் தப்பில்லை, நம் உள்ளுணர்வுக்கு எதிரான விஷயம்தான். நீளத்தை இரட்டித்தால் பாரம் இரட்டிக்கும். உயரத்தை இரட்டித்தால் நாலு மடங்காகும், 176 கிலோ. அதனால், "இன்னும் கொஞ்சம் உயரமா இருந்தா அழகா இருக்கும்" என்று வீட்டில் கவிதா சொன்னால், நீளத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல். உயரத்தைத் தொடாதே. நீ சொன்ன ஒன்றேகால் அடி சரியான உயரம்.

இப்போது அந்தக் கோட்டின் பலத்தைப் பார். முன்கண்ணாடியைப் பிடித்திருக்கும் மூன்று கோடுகளையும் சேர்த்தால் 82 சதுர சென்டிமீட்டர் வரும். 44 கிலோவை அதில் பகிர்ந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ சொச்சம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, அடிப்பக்கம் கூடுதலாக வாங்கும். ஆனாலும் நன்றாக இறுகிய சிலிக்கான் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோவுக்கு மேல் இழுவையைத் தாங்கும். அப்படியென்றால் பலம் தேவைக்குப் பல மடங்கு மிச்சம் இருக்கிறது. பிறகு ஏன் வீட்டில் செய்த தொட்டிகள் ஒழுகுகின்றன? சிலிக்கான் அறுந்து ஒழுகுவது அபூர்வம். அது கண்ணாடியை விட்டு உரிந்துதான் ஒழுகுகிறது. பிடிப்பு இல்லாத இடத்தில் எத்தனை டியூப்பைப் பிதுக்கினாலும் பலன் இல்லை.

சிலிக்கான் கண்ணாடியோடு இவ்வளவு நன்றாக ஒட்டுவதற்குக் காரணம், இரண்டும் சொந்தக்காரர்கள். கண்ணாடி மணலிலிருந்து வந்தது. அதன் உள்ளே சிலிக்கன் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்திருக்கும். சிலிக்கான் பசையின் முதுகெலும்பும் அதே கோர்வைதான், பக்கவாட்டில் கரிமக் குழுக்கள் தொங்குவது மட்டும் வித்தியாசம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் ஃபிரெடெரிக் கிப்பிங் என்ற வேதியியல் பேராசிரியர் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தப் பொருள்களோடு கழித்தார். 1930-களில் நிகழ்த்திய ஓர் உரையில், இந்தத் துறையில் உடனடியாகப் பெரிய முன்னேற்றம் வரும் என்ற நம்பிக்கை தனக்கு இல்லை என்ற பொருளில் பேசினார். அடுத்த சில வருடங்களில், 1940-ல், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் யூஜின் ரோச்சோ இதைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்டுபிடித்துவிட்டார். அதற்கு இருபது வருடம் கழித்துதான் சட்டமில்லாத கண்ணாடித் தொட்டிகள் வர ஆரம்பித்தன. கிப்பிங்கை நினைத்தால் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது. பயன் கண்ணுக்குத் தெரியாமலே முப்பது நாற்பது வருடம் ஒரு பொருளை விடாமல் ஆராய எத்தனை பேருக்கு மனம் வரும்?

சரி, கடைக்குப் போவோம். முதலில் கண்ணாடி. 6 மில்லிமீட்டர் பிளெயின் கண்ணாடி கேள். இப்போது கிடைப்பது எல்லாம் ஃப்ளோட் கண்ணாடி. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் செய்வது; இங்கிலாந்தில் அலஸ்டேர் பில்கிங்டன் 1959-ல் உலகத்துக்கு அறிவித்த முறை. நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலும் இதே முறைதான். அதனால் அப்பா தொட்டியில் இருந்த நெளிவு உன்னுடையதில் இருக்காது. "டஃபன்ட் போட்டுக்குங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று கடைக்காரர் சொல்லலாம். வேண்டாம். சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. உடைந்தால் ஒரே கணத்தில் பொடிப்பொடியாகக் கொட்டும். இந்த உயரத்துக்கு அந்தப் பலம் தேவையும் இல்லை.

அளவுகளை அங்குலத்தில் சொல்லாதே. மில்லிமீட்டரில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடு. அடிக்கண்ணாடி 610க்கு 305, ஒன்று. முன்னும் பின்னும் 610க்கு 380, இரண்டு. பக்கங்கள் 291க்கு 380, இரண்டு. பக்கக் கண்ணாடி ஏன் 291 என்றால், அது முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் நிற்கிறது. 305-ல் இரண்டு கண்ணாடியின் கனம் 12 போய், இரண்டு பக்கமும் சிலிக்கானுக்கு ஒவ்வொரு மில்லிமீட்டர் இடம் விட்டால் 291. அந்த ஒரு மில்லிமீட்டரை மறந்துவிடாதே. நிறையப் பேர் கண்ணாடியோடு கண்ணாடி முட்டுகிற வரை அழுத்தி, நடுவில் இருக்கும் சிலிக்கானை எல்லாம் வெளியே பிதுக்கிவிடுகிறார்கள். பிறகு எதைக்கொண்டு பிடிக்கும்? கண்ணாடி லேசாக வளையும், சூட்டில் விரியும், அப்போதெல்லாம் இழுபட்டுக்கொடுக்க நடுவில் ரப்பர் மாதிரி ஒரு படலம் இருந்தாக வேண்டும்.

கூடவே 594க்கு 50 அளவில் இரண்டு பட்டி வெட்டிக்கொள். மேல்விளிம்பை ஒட்டி, உள்பக்கமாக முன்னும் பின்னும் படுக்கையாக ஒட்ட. தண்ணீர் நிரம்பியதும் நீளக் கண்ணாடியின் நடுப்பகுதி வெளியே புடைக்கும். பட்டி அதைத் தடுக்கும். இரண்டடித் தொட்டிக்கு அவசியமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. குழந்தை சாய்ந்து நின்று பார்க்கப்போகிற தொட்டி, பட்டி இருக்கட்டும் என்பேன்.

வெட்டியதும் கடையிலேயே வைத்து மூலைமட்டம் போட்டுப் பார். முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து விரலால் விளிம்பைத் தடவினால் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூடத் தெரிந்துவிடும். எங்களுக்கு ஒரு கடையில் வெட்டித்தந்த பக்கக் கண்ணாடி ஒன்று மூலை கோணியிருந்தது. அங்கேயே கண்டுபிடித்ததால் முகம் சுளிக்காமல் வேறு வெட்டித்தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அது உன் கண்ணாடி. எல்லா விளிம்பும் கத்தி மாதிரி இருக்கும், எட்ஜ் தேய்த்துத் தரச் சொல். அவர்களிடம் மெஷின் இல்லையென்றால் கார்போரண்டம் கல்லைத் தண்ணீரில் நனைத்து நீயே தேய்க்கலாம். அதுவரை யாழினியைத் தொட விடாதே.

அடுத்தது சிலிக்கான். ஹார்டுவேர் கடையில் வரிசையாக டியூப் அடுக்கியிருப்பார்கள், எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றல்ல. பாத்ரூமுக்கு என்று விற்பதில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும். அந்த மருந்து தண்ணீரில் கசியும், மீனைக் கொல்லும். நூறு சதவீதம் சிலிக்கான், மீன்தொட்டிக்கு ஏற்றது என்று உறையிலேயே அச்சிட்டிருப்பதை வாங்கு. கண்ணாடிக்கு நன்றாகப் பிடிப்பது அசிடாக்ஸி வகை. பிதுக்கியதும் வினிகர் நெடி மூக்கில் ஏறும், அது உண்மையிலேயே அசிட்டிக் அமிலம்தான். பயப்பட வேண்டாம், ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய். தயாரித்த தேதியையும் பார்த்து வாங்கு, பழசாகிப்போன டியூப் சரியாக இறுகாது. கறுப்பு, நிறமற்றது இரண்டும் கிடைக்கும். கறுப்பு பார்க்க அழகு, பாசி ஏறினாலும் தெரியாது. ஆனால் முதல் தொட்டிக்கு நிறமற்றதையே சொல்வேன். மூட்டுக்குள் காற்றுக்குமிழி மாட்டியிருந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும்.

இனிச் சொல்வதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியம். துடைப்பது.

ஒட்டுகிற வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். துடைக்கிற வேலைக்கு அதைவிட அதிக நேரம் ஒதுக்கு. கண்ணாடி பளபளவென்று சுத்தமாகத் தெரியும். ஆனால் வெட்டும்போது தடவிய மண்ணெண்ணெய் அதில் இருக்கும், அடுக்கிவைத்தபோது ஒட்டிய தூசு இருக்கும், தூக்கியவர்களின் கைரேகை இருக்கும். நம் வீடுகளில் தலைக்கு எண்ணெய் வைப்போம், அந்தக் கையால் கண்ணாடியைத் தூக்குவோம். கண்ணுக்குத் தெரியாத அந்த எண்ணெய்ப் படலத்தின்மேல் சிலிக்கானை வைத்தால் அது எண்ணெயோடுதான் ஒட்டும். அன்றைக்கு நன்றாகப் பிடித்த மாதிரியே தோன்றும். சில மாதம் கழித்து, மேலே நான் சொன்ன அந்த 44 கிலோ, ஓரத்தில் ஒரு நூல் அளவு உரித்துவிடும். அங்கிருந்து ஆரம்பிக்கும்.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவை. பிறகு அசிட்டோன், அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஒட்டப்போகிற எல்லா விளிம்பையும், விளிம்பை ஒட்டி இரண்டு விரற்கடை உள்பக்கமும் துடை. துணியை அடிக்கடி மாற்று. அழுக்கான துணியால் துடைப்பது எண்ணெயை இடம் மாற்றுவதுதான். பழைய பருத்தி வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்துக்கொள், நூல் உதிராது. சமையலறைத் துணி கூடவே கூடாது. கவிதாவின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுக்காதே, அதில் வாசனையும் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. துடைத்து முடித்தபின் அந்த விளிம்புகளை விரல் தொடவே கூடாது. கையுறை போட்டுக்கொள்.

ஒட்டும்போது இரண்டு பேர் வேண்டும். சமதளமான ஒரு மேஜை மேல் செய்தித்தாள் விரித்து அடிக்கண்ணாடியை வை. உள்மூலைகளில் சிலிக்கான் எவ்வளவு தூரம் வரலாமோ அதற்கு வெளியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடு. டியூப்பின் மூக்கைச் சாய்வாக வெட்டி, அதைப் பிதுக்குகிற கன்னில் மாட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் கோடு போடு. நடுவில் நிறுத்தித் தொடர்ந்தால் அந்த இடத்தில் காற்று மாட்டும். முதலில் பின்கண்ணாடி, பிறகு ஒரு பக்கம், அடுத்த பக்கம், கடைசியாக முன்கண்ணாடி. ஒவ்வொன்றையும் நிறுத்தியவுடன் வெளியே டேப்பால் இழுத்துக்கட்டு. மூலைமட்டம் பார். மேலே குறுக்குமறுக்காக இரண்டு மூலைவிட்டமும் அளந்து பார், சமமாக இருந்தால் தொட்டி நேர். அதற்குப் பிறகு உள்மூலை எல்லாவற்றிலும் இன்னொரு கோடு விட்டு விரலால் வழித்துவிடு.

அந்த வழிப்பைக் கொளத்தூரில் நின்று பார்த்திருக்கிறேன். சென்னையில் வண்ண மீன் வியாபாரத்துக்கே பேர்போன இடம் அது. அங்கே தொட்டி செய்கிற ஒரு தொழிலாளி, கோடு விட்ட கையோடு சுட்டுவிரலை மேலிருந்து கீழே ஒரே சீராக இறக்குவார். விரல் எங்கும் தயங்காது, திரும்பி மேலே போகாது. ஒரு தரம்தான். அவர் செய்த மூட்டை எதிர்வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு குமிழி இருக்காது. நாள் பூராவும் அந்த வேலை செய்கிற கையின் அழகு அது. நமக்கு அது வராது, வர வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு தரம்தான் என்கிற ஒழுக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். சரியாக வரவில்லையே என்று திரும்பத் திரும்பத் தடவினால், அதற்குள் மேலே தோல் கட்டத் தொடங்கி, இழுபட்டுத் திரிதிரியாக எழும்பும். ஐந்து பத்து நிமிஷத்துக்குள் தோல் கட்டிவிடும். அதற்கு முன்பே மாஸ்கிங் டேப்பை உரித்துவிட வேண்டும். அந்த வேலையை யாழினியிடம் கொடு. சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலை, பெரிய பொறுப்பும்கூட.

பிறகு, தொடாதே. ஒரு வாரம்.

உன் குணம் தெரிந்து சொல்கிறேன், மறுநாள் காலையில் தொட்டுப் பார்ப்பாய், கெட்டியாக இருக்கும், பக்கெட்டைத் தூக்குவாய். சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். வெளியிலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுக்கம் நகரும். உன் மூட்டோ 6 மில்லிமீட்டர் அகலம், இரண்டு பக்கமும் கண்ணாடி, அதன் வழியாக ஈரம் போகாது. வெளி ஓரத்திலிருந்தும், உள்மூலையில் நீ வழித்த தடிப்பைத் தாண்டியும்தான் ஈரம் நடுவுக்குப் போய்ச் சேர வேண்டும். மேலே கல் மாதிரி இருக்கும்போது நடுவில் இன்னும் பிசினாகவே இருக்கும். காற்று வறண்ட நாட்களில் இன்னும் மெதுவாகும். மூக்கை உள்ளே விட்டுப் பார், வினிகர் நெடி கொஞ்சமும் இல்லையென்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

சோதனைத் தண்ணீரை வீட்டுக்குள் விடாதே. பால்கனியிலோ குளியலறையிலோ, ரசமட்டம் வைத்துப் பார்த்த சமதளத்தில், அடியில் தெர்மாகோல், அதன்மேல் காய்ந்த செய்தித்தாள். முதலில் கால்வாசி நிரப்பி ஓரங்களைப் பார். பிறகு பாதி. பிறகு முழுவதும். அப்படியே இரண்டு மூன்று நாள் நிற்கட்டும். செய்தித்தாளில் ஈரம் பட்டால் எந்த மூலை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஒழுகினால் வெளிப்பக்கம் சிலிக்கானை அப்பாதே. நிறையப் பேர் முதலில் செய்வது அதைத்தான். வெளியே அப்பியதைத் தண்ணீர் உள்ளிருந்து தள்ளி உரித்துவிடும். அடைப்பது எப்போதும் உள்பக்கம்தான், தண்ணீர் அழுத்தி ஒட்டவைக்கிற பக்கம். இங்கே மட்டும் அப்பாவின் மக்கு மாதிரி தண்ணீரை நம் கட்சிக்கு இழுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, இறுகிய பழைய சிலிக்கான் மேல் புதுசு சரியாகப் பிடிக்காது. அதனால் தொட்டியைக் காலி செய்து, உள்மூலைக் கோடுகள் அத்தனையையும் பிளேடால் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, எல்லா மூலையையும் திரும்பப் போட வேண்டும். ஒழுகுகிற இடத்தை மட்டும் சுரண்டிப் போட்டால் பழசும் புதுசும் சேருகிற இடத்தில் மறுபடி ஒழுகும்.

தண்ணீர் 65 லிட்டர், கண்ணாடி 14 கிலோ, மணலும் கல்லும் சேர்த்தால் மொத்தம் நூறு கிலோவை நெருங்கும். ஹாலில் இருக்கும் டிவி அலமாரி தாங்காது, பிளைவுட் நாளாவட்டத்தில் நடுவில் தொய்யும். தொய்ந்தால் அடிக்கண்ணாடியின் பாரம் நாலு மூலைக்கும் சமமாகப் போகாமல் விரிசல் விடும். வெல்டிங் கடையில் இரும்புச் சதுரக் குழாயில் ஒரு ஸ்டாண்டு அடிக்கச் சொல். மேலே தடித்த பலகை, அதன்மேல் தெர்மாகோல், அதன்மேல் தொட்டி. வெயில் நேராக விழுகிற இடம் வேண்டாம், பாசி மண்டும். உன் திட்டத்தைச் சொன்னபோது அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: தண்ணீரோடு தொட்டியை ஒரு அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. கூடவே, "காலியா விடாதேன்னும் எழுதிடு" என்றார். உன்னுடையதைக் காலியாக விட்டால் ஒன்றும் ஆகாது, சிலிக்கான் காய்ந்து வெடிக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும், எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

ரெடிமேட் தொட்டி வாங்கினால் செலவில் பெரிய மிச்சமோ நஷ்டமோ இருக்காது. அதற்காக விட்டுவிடாதே. எங்கள் ஆய்வகத் தொட்டியில் எந்த மூட்டு யார் போட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இப்போது பத்தாம் வகுப்பு போய்விட்ட ஒருத்தி இன்னமும் இடைவேளையில் வந்து அவள் மூலையைக் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறாள். திரவ அழுத்தம் பாடத்தை நான் அவளுக்கு மறுபடி நடத்த வேண்டியதில்லை. யாழினிக்கும் அப்படி ஒரு மூலை கிடைக்கட்டும்.

மீனைப் பற்றி இப்போது அவசரப்படாதே. சோதனைத் தண்ணீரைக் கொட்டி, நல்ல தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓட்டு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குத் தீனியாக ஒரு சிட்டிகை மீன் உணவை அவ்வப்போது போட்டு வா. உங்களுக்குக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர், உப்பு குறைந்த மென்மையான தண்ணீர். எங்கள் போர்வெல் தண்ணீரில் கப்பியும் மோலியும் கொழிக்கின்றன; உன் தண்ணீருக்கு நியான் டெட்ரா, செர்ரி பார்ப் மாதிரி மீன்கள் பொருந்தும். குளோரின் போக மருந்து போட மறக்காதே. தங்கமீன் மட்டும் வாங்காதே, யாழினி எவ்வளவு அழுதாலும். அது ஒரு சாணுக்கு மேல் வளரும், இந்தத் தொட்டி அதற்குப் போதாது.

கண்ணாடி வெட்டி வந்ததும் அஞ்சு துண்டையும் அளந்து எனக்கு அனுப்பு. அரையாண்டு லீவில் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். ஒட்டுவதை அதுவரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடு, முன்கண்ணாடியை நான் பிடித்துக்கொள்கிறேன். அசிட்டோன் மட்டும் முன்கூட்டியே வாங்கிவை, ஒரு லிட்டர் தாராளமாகப் போதும்.

அன்புடன்,
உன் அக்கா